எழுதிக் கொடுத்த கை: வீரமாமுனிவரின் வாழ்வு தரும் சிந்தனை

ஆண்டுதோறும் சனவரி மாதம் வந்தால் விருத்தாசலத்திற்கு அப்பால் இருக்கும் கோணான்குப்பம் என்ற சிற்றூர் விழாக்கோலம் பூணுகிறது. கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துப் பங்குகளிலிருந்தும் இறைமக்கள் பெரியநாயகி அன்னையை நாடி அங்கே செல்கிறார்கள். நேர்ச்சை செலுத்துகிறார்கள். தேர் இழுக்கிறார்கள். அன்னையின் பாதத்தில் குடும்பக் கவலைகளை இறக்கி வைத்துவிட்டு மன நிறைவோடு திரும்புகிறார்கள்.

அந்த மண்ணில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு குருவானவர் பனையோலையும் எழுத்தாணியுமாக அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? அவர்தாம் தமிழ் உலகம் போற்றும் வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவர், சதுரகராதி தந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் அவரைப் படித்திருக்கிறோம். ஆனால் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. ஒப்புரவு அருட்சாதனம், திருப்பலி, நோயாளர் சந்திப்பு, ஊர் ஊராக நடைப்பயணம் என்று ஓய்வே இல்லாத ஒரு மறைப்பணியாளர் ஏன் ஆண்டு தவறாமல் எழுதினார்? எழுதியதை ஏன் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பிறர் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார்?

இந்தக் கேள்வி நமக்கும் உரியது. நம் பங்குகளில் எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். எழுதச் சொன்னால் மூன்று காரணங்களைக் கேட்கிறோம். நேரம் இல்லை என்பது ஒன்று. நான் எழுதி யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது இரண்டாவது. எழுதினாலும் அது என் நோட்டுப் புத்தகத்தோடு இருக்கட்டுமே என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் வீரமாமுனிவரின் வாழ்வு விடை சொல்கிறது.

மடல் எழுதும் குடும்பத்தில் ஒருவர்

கொன்ஸ்தான்சோ யோசேப்பு பெஸ்கி 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே ஊர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டே கப்பல் ஏறிக் கோவாவில் வந்து இறங்கினார். 1711-இல் மதுரை மறைத்தளத்தில் பணி தொடங்கியபோது அவருக்கு வயது முப்பது.

அவர் சேர்ந்த சபையைப் பற்றி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார், தம் தோழர்கள் எங்கே சென்றாலும் தவறாமல் மடல் எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். எப்படி எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார். முதன்மையான மடல் எவரிடமும் காட்டத் தக்கதாக, வாசிப்போர் மனத்திற்குப் பயன் தருவதாக இருக்க வேண்டும். தனிப்பட்ட செய்திகளை வேறொரு தாளில் எழுத வேண்டும். முதல் முறை எழுதியதைப் படித்துப் பார்த்து, திருத்தி, மீண்டும் எழுத வேண்டும். பலருடைய பார்வைக்குப் போகும் எழுத்து என்பதால் அதற்கு அத்தனை கவனம் தேவை என்று அவர் கருதினார்.

இந்த ஒழுங்கு வீண்போகவில்லை. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய புனித சவேரியாரின் மடல்கள் ஐரோப்பாவில் கைக்குக் கை பிரதி எடுக்கப்பட்டன, அச்சிடவும் பட்டன. அவற்றைக் கேட்டு மறைப்பணிக்குப் புறப்பட்ட இளைஞர் பலர். மதுரை மறைத்தளத்திலிருந்தும் ஆண்டு மடல்கள் உரோமைக்குச் சென்றன. அக்காலத் தமிழகத்தின் போர்கள், பஞ்சங்கள், மக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் இன்று அறிவதில் ஒரு பகுதி அந்த மடல்களிலிருந்து கிடைப்பதுதான். புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய நாளும் சிறையிலிருந்து மடல் எழுதினார். மை இல்லை, கரியை நீரில் கரைத்து எழுதினார்.

இத்தகைய மடல்கள் வாசிக்கப்பட்ட இல்லங்களில்தான் இளம் பெஸ்கி பயிற்சி பெற்றார். ஆகவே எழுதுவது அவருக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது. இறைவன் செய்ததைக் கண்டவன் அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் என்ற உணர்வு அந்தக் குடும்பத்தின் சொத்து. எழுதுவதற்கான முதல் காரணம் இதுவே.

மாணவராக அமர்ந்தவர்

தமிழகம் வந்தவுடன் அவர் நூல் எழுதத் தொடங்கிவிடவில்லை. முதலில் மாணவரானார். நெல்லைப் பகுதியில் காமநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் பணியாற்றினார். அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே எதிர்ப்பாளர்களிடம் சிறைப்பட்டு, சாவின் வாசல் வரை சென்று மீண்டார். முன்னோடியான தத்துவ போதகர் நொபிலி அடிகளாரைப் போலவே காவி உடுத்து, மரக்கறி உணவு உண்டு, தமிழ்த் துறவியாக வாழ்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார் என்பது வழிவழிச் செய்தி. தம் பெயரைத் தைரியநாதர் என்று தமிழ்ப்படுத்திக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது.

வந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் கழித்தே அவருடைய பெரிய நூல்கள் வெளிவருகின்றன. அதன் பிறகு நிற்கவே இல்லை. 1726-இல் தேம்பாவணி. 1727-ஐ ஒட்டி வேதியர் ஒழுக்கம். 1728-இல் கொடுந்தமிழ் இலக்கணம். 1729-இல் தேம்பாவணிக்குத் தாமே எழுதிய உரை. 1730-இல் தொன்னூல் விளக்கம். 1732-இல் சதுரகராதி. இவற்றின் இடையே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். அன்னை மரியாவைப் பாடும் சிற்றிலக்கியங்களையும் இயற்றினார்.

ஒரே நேரத்தில் பல எழுத்தர்களை அமர்த்தி ஆளுக்கொரு வரியாகச் சொல்லிக்கொண்டே போவார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியும் இருக்கட்டும். ஆண்டுக் கணக்கைப் பார்த்தாலே போதும். ஒரு நாள் உற்சாகத்தில் எழுதிக் குவித்தவருடைய கணக்கு அது அல்ல. நாள்தோறும் சிறிது சிறிதாக, களைத்துப்போன மாலைகளிலும் விடாமல் எழுதியவருடைய கணக்கு அது. நேரம் கிடைத்தால் எழுதலாம் என்று காத்திருந்தவர் எவரும் இத்தனை எழுதியிருக்க முடியாது.

குரு வராத ஊருக்கு ஓலை போகும்

வீரமாமுனிவரின் பணி வாழ்வில் இரண்டு ஊர்கள் சிறப்பானவை. சிதம்பரத்திற்குத் தெற்கே கடலில் கலக்கும் கொள்ளிடத்தின் வடகரையில், மேற்கே வெகு தூரம் சென்றால் ஏலாக்குறிச்சி. அதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பினார். மற்றொன்று நம் கோணான்குப்பம். முகாசாபரூர் பாளையக்காரரான கச்சிராயரின் உதவியோடு அங்கே ஆலயம் எழுந்ததாக மக்கள் சொல்கிறார்கள். விருத்தாசலம் வட்டாரத்து மக்களின் நாவில் ஏற்கெனவே பழகியிருந்த பெரியநாயகி என்ற பெயரையே அன்னை மரியாவுக்குச் சூட்டினார். சேலை உடுத்திய தமிழ்த் தாயாக அன்னையின் திருவுருவத்தை அமைக்கச் செய்தார்.

அக்காலத்துத் திருச்சபையின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். குருக்கள் மிகச் சிலர். அவர்கள் சுற்ற வேண்டிய நிலப்பரப்போ பெரிது. ஓர் ஊருக்குக் குருவானவர் வந்து சென்றால் மீண்டும் அவர் வர மாதங்கள் ஆகும்; சில ஊர்களில் ஓர் ஆண்டும் ஆகும். அந்த இடைவெளியில் குழந்தை பிறக்கும், முதியவர் சாகக் கிடப்பார், புதிதாக மறைக்கல்வி கற்பவர் ஐயம் கேட்பார், உறவினர்கள் சாதியை விட்டு விலக்கி வைப்பார்கள். அப்போதெல்லாம் மக்களுக்குத் துணை நின்றவர்கள் வேதியர்கள், அதாவது உபதேசியார்கள். அவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத் தலைவர்கள். இறையியல் கல்லூரி எதிலும் பயின்றவர்கள் அல்லர்.

அந்த வேதியருக்காகவே வேதியர் ஒழுக்கம் என்ற நூலை உரைநடையில் எழுதினார் முனிவர். ஒரு வேதியரின் அழைத்தல் எத்தகையது, அவர் எப்படிச் செபிக்க வேண்டும், எப்படிக் கற்பிக்க வேண்டும், எந்தச் சோதனைகளில் விழாமல் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்நூல் எடுத்துரைக்கிறது. செய்யுள்தான் இலக்கியம் என்று கருதப்பட்ட காலத்தில், படித்தவுடன் புரியும் உரைநடையை அவர் துணிந்து கையாண்டார். தமிழ் உரைநடையின் தந்தை என்று அவரைப் போற்றுவோர் இதையே நினைவில் கொள்கிறார்கள்.

இங்கே எழுதுவதற்கான இரண்டாவது காரணம் தெளிவாகிறது. குரு ஒரு நாளில் ஓர் ஊருக்குத்தான் போக முடியும். அவர் எழுதிய ஓலை அதே நாளில் பத்து ஊர்களில் வாசிக்கப்படும். அவர் நோயில் கிடந்தாலும், சிறையில் இருந்தாலும், இறந்தே போனாலும் ஓலை பேசிக்கொண்டிருக்கும். புனித பவுல் சிறையிலிருந்து எழுதியதும் இதனால்தான். கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தை இலவோதிக்கேயா சபையிலும் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதை நாம் அறிவோம். ஒரு சபைக்கு எழுதியது இன்னொரு சபைக்கும் போக வேண்டும் என்பது திருத்தூதர் காலத்து மரபு.

பேசாத புனிதருக்கு ஒரு காப்பியம்

தேம்பாவணியின் தலைவர் புனித யோசேப்பு. நற்செய்தி நூல்களில் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அந்த அமைதியான தச்சரை வளன் என்ற அழகிய தமிழ்ப் பெயரால் அழைத்து, மூன்று காண்டங்களில், 36 படலங்களில், 3615 பாடல்களில் பாடினார் முனிவர். தமிழ்க் காப்பியங்களில் நாடும் நகரும் வருணிக்கப்படும் முறையிலேயே யூதேயா நாட்டையும் எருசலேம் நகரையும் வருணித்தார். அந்த வருணனையில் நம் ஊர் வயலும் வாய்க்காலும் தெரிகின்றன.

அவர் ஏன் இப்படிச் செய்தார்? வேதியருக்கு எளிய உரைநடை போதும். ஆனால் புலவர் அவையில் கிறிஸ்தவ மறை அயல்நாட்டுச் சரக்காகப் பார்க்கப்பட்டது. இந்த மண்ணின் அழகோடு, இந்த மொழியின் உயர்ந்த வடிவத்தில் மீட்பின் வரலாறு பாடப்பட்டால்தான் அது இந்த மக்களின் சொத்தாகும் என்று அவர் உணர்ந்தார். இதில் ஆபத்தும் இருந்தது. பிற மொழிக்காரர் ஒருவர் காப்பியம் பாடிப் புலவர் முன் வைத்தால், ஒரு சீர் பிழைத்தாலும் நகைப்புக்கு இடமாகும். அந்த நகைப்பு அவரோடு நிற்காமல் அவர் அறிவித்த மறையின் மேலும் விழும். அதை அறிந்தே அவர் தம் பாடலைப் பலர் முன் வைத்தார்.

நம்மை மிகவும் தொடுவது அடுத்து அவர் செய்த செயல். காப்பியம் கடினமாக இருக்கிறது, எல்லாரும் புரிந்துகொள்ள முடியாது என்று கண்டபோது, மூன்று ஆண்டுகள் கழித்து 1729-இல் அதற்குத் தாமே உரை எழுதினார். எழுதியவர் வேலை எழுதி முடித்ததோடு தீர்ந்துவிடுவதில்லை. வாசிப்பவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதும் அவர் வேலை. தம் புலமையைக் காட்ட மட்டும் எழுதியிருந்தால் உரை எழுதும் சிரமம் அவருக்குத் தேவைப்பட்டிராது.

கற்றதைத் திருப்பிக் கொடுத்தல்

தமிழைக் கற்க முனிவர் பட்ட பாடு பெரிது. அவருக்கு முன் தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் காண நிகண்டுகளே இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவருக்குத்தான் பயன்படும். தேவையான சொல் எந்தச் செய்யுளில் இருக்கிறது என்று தெரியாதவர் திகைத்து நிற்க வேண்டியதுதான். முனிவர் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவுகளாக வகுத்ததால் அது சதுரகராதி ஆயிற்று. அகராதி என்று இன்று நாம் கையில் எடுக்கும் நூல்களுக்கெல்லாம் அது வழிகாட்டி.

எழுத்திலும் அவர் கை வைத்தார். அக்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைத்து நெடிலிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டும். முனிவர் நெடிலுக்கு மேற்சுழி கொண்ட இரட்டைக் கொம்பை வகுத்தார். இன்று நாம் கேள்வி, கோவில் என்று குழப்பமின்றி எழுதுவதில் அவருடைய கைவண்ணம் இருக்கிறது.

பின்னால் வரும் மறைப்பணியாளர்கள் தம்மைப் போல் திண்டாடக் கூடாது என்று பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வாசித்துப் பழக நகைச்சுவைக் கதை ஒன்றும் எழுதினார். அதுதான் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களோடு திண்டாடும் பரமார்த்த குருவின் கதை. பாடப் பயிற்சிக்காக எழுதியது பல மொழிகளுக்குப் போய்க் குழந்தைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

இது மூன்றாவது காரணம். நாம் ஒன்றைக் கற்கும்போது பட்ட சிரமத்தை அடுத்தவர் பட வேண்டாம் என்ற அன்பு. கொடையாகப் பெற்றதைக் கொடையாகவே கொடுக்க வேண்டும் என்று ஆண்டவர் கற்பித்ததை முனிவர் அறிவுத் துறையிலும் கடைப்பிடித்தார்.

எதிர்த்தவர் அச்சகத்தில் ஒரு நூல்

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் முதலிய லுத்தரன் மறைப்பணியாளர்கள் 1713 முதல் தமிழில் அச்சிட்டு வந்தார்கள். ஆங்கிலேயர் வசமிருந்த கடலூரில் 1717-இல் பள்ளியும் தொடங்கினார்கள். அவர்களுடைய நூல்கள் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவின. கத்தோலிக்க மக்கள் குழம்பிப்போய் வேதியர்களிடம் கேள்வி கேட்டார்கள். முனிவர் வேத விளக்கம் முதலிய நூல்களால் விடை எழுதினார். அவர்கள் கையில் அச்சு இருந்தது. இவர் கையில் எழுத்தாணிதான் இருந்தது. முந்தைய நூற்றாண்டுகளில் நம் மறைப்பணியாளர்கள் நடத்திய தமிழ் அச்சகங்கள் அப்போது இல்லாமல் போயிருந்தன.

அந்த விவாத நூல்களில் இரு பக்கத்திலும் கடுஞ்சொற்கள் உண்டு. கிறிஸ்தவ ஒன்றிப்பை விரும்பும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பிள்ளைகளாகிய நாம் அவற்றை அப்படியே எடுத்தாள மாட்டோம். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்விக்கு முனிவர் வெளிப்படையாக விடை எழுதினார். திண்ணைப் பேச்சில் முணுமுணுக்கவில்லை. எழுத்தில் வைத்தால் எவரும் படிக்கலாம், மறுக்கலாம், சரிபார்க்கலாம். அந்தப் பொறுப்பை அவர் ஏற்றார். இது நான்காவது காரணம்.

இதன் விளைவு வியப்பானது. 1738-இல் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை அதே தரங்கம்பாடி அச்சகம் அச்சிட்டது. கொள்கையில் மோதிக்கொண்டவர்களும் அவருடைய தமிழறிவு தங்களுக்குத் தேவை என்று கண்டார்கள். அவர் இலக்கணத்தைத் தம் சபையாருக்குள் பூட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? வெளியே கொடுத்த நல்ல எழுத்து எதிராளியின் வீட்டுக் கதவையும் திறக்கிறது.

பூட்டி வைத்த சுவடியும் கொடுத்துவிட்ட சுவடியும்

பனையோலைக்கு ஓர் இயல்பு உண்டு. ஓலை எத்தனை நல்லதாக இருந்தாலும் காலப்போக்கில் செல்லரிக்கும், ஒடியும். யாராவது அதைப் பார்த்துப் புதிய ஓலையில் படி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். சிதம்பரத்து மக்கள் இதை நன்கு அறிவார்கள். தில்லைக் கோவிலில் ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்ட தேவார ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்ததையும், சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் எஞ்சியவற்றை மட்டும் மீட்டதையும் சைவப் பெருமக்கள் இன்றும் சொல்லி வருந்துகிறார்கள். பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்று நாம் நினைக்கிறோம். எழுத்தைப் பொறுத்தவரை பூட்டி வைப்பதே அழிவு. பலர் கையில் இருப்பதே பாதுகாப்பு. தாலந்தை மண்ணில் புதைத்த பணியாளரைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையும் இதையே காட்டுகிறது.

வீரமாமுனிவரின் பிற்காலம் அமைதியாக அமையவில்லை. மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுக்கு வந்து, 1740-களில் போர்கள் நாட்டைக் கலக்கின. முனிவர் தெற்கே சென்று, இறுதியில் இன்றைய கேரளத்தின் அம்பலக்காட்டில் தங்கினார். 1747-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் அங்கேயே இறையடி சேர்ந்தார். புனித அருளானந்தர் உயிர் கொடுத்ததும் பிப்ரவரி 4-ஆம் நாளே. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. அவர் எழுதியவற்றைப் பேணிக் காக்க அவருடைய சபையினர்கூட இல்லாத நிலை.

ஆனால் சுவடிகள் ஏற்கெனவே பலர் வீட்டில் இருந்தன. வேதியர் குடும்பங்கள் படி எடுத்து வைத்திருந்தன. புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை அவற்றைத் தேடிச் சேகரித்தார். 1822-இல் முனிவரின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அதே ஆண்டில் செந்தமிழ் இலக்கணமும் பரமார்த்த குரு கதையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சேறின. தேம்பாவணியைப் புதுச்சேரி மிஷன் அச்சகம் 1851 முதல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. அதாவது நம் உயர்மறைமாவட்டத்தின் முன்னோர் கையாலேயே அந்தக் காப்பியம் அச்சு வாகனம் ஏறியது. எழுதி 125 ஆண்டுகள் கழித்து! திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப் ஐயரும் முனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார். 1968-இல் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் முனிவருக்குச் சிலை எழுந்தது.

இவற்றில் எதையும் அவர் கண்ணால் காணவில்லை. தேம்பாவணியின் ஒரு பக்கத்தையும் அவர் அச்சில் பார்த்ததில்லை. எத்தனை பேர் வாசிப்பார்கள் என்ற கணக்கு அவர் கையில் இல்லை. வாசிக்கப்போகும் வேதியர் ஒருவர் இருந்தார், அவருக்காக எழுதினார். எஞ்சியதை இறைவனிடம் விட்டுவிட்டார்.

நமக்கு என்ன?

நாம் தொடக்கத்தில் கேட்ட மூன்று சாக்குகளுக்கு வருவோம். நேரம் இல்லை என்கிறோம். நாளைக்குக் கால் மணி நேரம் என்று ஒதுக்கி, அதை விடாமல் காப்பாற்றினால் ஆண்டு முடிவில் அது ஒரு நூலாகும். யார் வாசிப்பார்கள் என்கிறோம். யாருக்குத் தேவை என்று கேட்டுப் பார்த்தால் முகம் ஒன்று நிச்சயம் நினைவுக்கு வரும். அந்த ஒருவருக்கு எழுதுவோம். என்னோடு இருக்கட்டும் என்கிறோம். நம்மோடு மட்டும் இருப்பது நம்மோடு போய்விடும்.

நம் பங்குகளில் எழுதப்பட வேண்டியவை ஏராளம். பாட்டிமார் சொல்லித் தந்த பழைய செபங்களும் தவக்காலத்துப் பாடல்களும் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஊர்க் கோவில் எப்படிக் கட்டப்பட்டது, அதற்குக் கல் சுமந்தவர்கள் யார் யார் என்பது முதியவர் சிலரின் நினைவில் மட்டும் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர்க் கரையைத் தாக்கியபோது மக்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்பதை அன்று நேரில் கண்டவர்கள் எழுதி வைக்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் ஓர் எளிய தாய் இறைவார்த்தையைத் தம் வாழ்வோடு இணைத்துச் சொல்லும் சிந்தனை அன்றோடு காற்றில் கரைந்துவிடக் கூடாது. இளையோர் இவற்றை எழுதலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் தங்கள் பாடக் குறிப்பைச் செம்மைப்படுத்திப் பக்கத்துப் பங்கோடு பகிரலாம். நோயில் படுத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு மடல் எழுதலாம்.

எழுதும்போது இஞ்ஞாசியார் தந்த ஒழுங்கையும் நினைவில் கொள்வோம். எவரிடமும் காட்டத் தக்கதை எழுதுவோம். பிறர் மானத்தைக் கெடுப்பதை எழுதாமல் விடுவோம். ஒரு முறை எழுதியதைப் படித்துத் திருத்தி, பிறகு வெளியே கொடுப்போம். முனிவர் தம் காப்பியத்திற்கு உரை எழுதியது போல, புரியவில்லை என்று யாராவது சொன்னால் சினம் கொள்ளாமல் எளிமையாக்கிக் கொடுப்போம்.

அடுத்த முறை கோணான்குப்பம் செல்லும்போது பெரியநாயகி அன்னையிடம் வழக்கமான வேண்டுதல்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். ஆண்டவர் நம் வாழ்வில் செய்தவற்றை மறக்காமல் எழுதவும், எழுதியதை மனமுவந்து பிறருக்குக் கொடுக்கவும் வேண்டிய அருளைக் கேட்போம். அந்த மண்ணில் அமர்ந்து எழுதிய தம் மகனுக்குத் துணை நின்ற அன்னை, நம் கையையும் பிடித்து நடத்துவார்.